“மாத்திப் பார்த்துடலாம் சார்” என்பது வைத்தியமா?

இன்று கொஞ்சம் காட்டமாகவே எழுதப்போகிறேன். டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி இழுக்கவில்லை. இன்ஜின் லைட் எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினால் ‘பி2138’ என்று வருகிறது. உடனே, “பெடல் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்.” பல வண்டிகளில் சென்சார் தனியாகக் கிடைக்காது, பெடலோடு முழு செட்தான். எங்கள் வண்டிக்கும் அப்படிப் பல ஆயிரம் பில் போட்டார்கள். மூன்றாம் நாள் அதே லைட்! கடைசியில் பார்த்தால் கனெக்டரில் ஒரு பின் பச்சை பூத்துக் கிடந்தது.

இதை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன்.

இன்றைய காமன் ரயில் டீசல் வண்டிகளில் பெடலிலிருந்து இன்ஜினுக்குக் கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார்கள். எவ்வளவு மிதித்தோம் என்பதை இரண்டும் தனித்தனி வோல்ட்டேஜாக இசியுவுக்குச் சொல்லும். பல வண்டிகளில் ஒன்று காட்டுவதில் பாதியை மற்றது காட்டும். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் இசியு இரண்டையும் நம்பாமல் இன்ஜின் வேகத்தை அடக்கிவிடும். அது நம் உயிருக்கான ஏற்பாடு.

‘இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை.’ பி2138 சொல்வது அவ்வளவுதான். ஏன் என்று அது சொல்லவில்லை. தெர்மாமீட்டர் 102 காட்டினால், ரத்தம் பார்க்காமல் டெங்கு என்று எழுதிவிடலாமா?

பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். வண்டியின் ஒயரிங் படத்தை வைத்துக்கொண்டு, சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல் மல்ட்டிமீட்டரால் அளக்க வேண்டும். இரண்டு சென்சாருக்கும் 5 வோல்ட் வருகிறதா? எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்குள் இருக்கிறதா? மெதுவாக மிதிக்கும்போது இரண்டு சிக்னலும் விட்டுவிடாமல் சீராக ஏறுகிறதா? ஒயரை ஆட்டினால் எண் குதிக்கிறதா? அளக்கிறேன் என்று ஒயரில் ஊசி குத்தக் கூடாது. அந்த ஓட்டை வழியே ஈரம் இறங்கும். கனெக்டரின் பின்பக்கமாக அளக்க வேண்டும்.

5 வோல்ட்டே வராத இடத்தில் புதுப் பெடல் என்ன செய்யும்?

“நேரம் எங்கே சார்?” என்பார்கள். கால் மணி நேரம் அவருக்கு மிச்சம், காசு உங்களுக்கு நஷ்டம். இது என்ன நியாயம்?

உங்களையும் விடமாட்டேன். பொருளுக்குப் பில் போட்டால் பேசாமல் கொடுக்கிறீர்கள். “சோதித்துப் பார்த்தேன், 500 ரூபாய்” என்றால் சண்டைக்குப் போகிறீர்கள். அறிவுக்குக் கூலி தராத ஊரில் பொருள்தான் விற்கும்.

ஒயரிங் எல்லாம் சரி, சிக்னல் மட்டும் விட்டுவிட்டு வருகிறது என்றால் சென்சார்தான் குற்றவாளி. அப்போது ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். லைட்டை அழித்து அழித்து ஓட்டினால், பஸ்ஸை முந்தும் நேரத்தில் வண்டி படுத்துவிடும். மாற்றியபின் கோடை அழித்து, இரண்டு அளவும் சேர்ந்து ஏறுவதை ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். சில மாடல்களில் புதுப் பெடலை இசியுவுக்குப் பழக்கவும் வேண்டும்.

வோல்ட்மீட்டரை எப்படி இணைப்பது என்று பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது மார்க்குக்கு மட்டும் அல்ல, பிள்ளைகளே. அடுத்த முறை “மாத்திடலாம்” என்றால், “எவ்வளவு வோல்ட் வந்தது?” என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மெக்கானிக்காக இருக்கும் என் மாணவர்கள் கோபப்பட்டால் கமெண்டில் வாருங்கள். பேசுவோம்.