பிள்ளைகளின் பணத்தைப் பிணையாக வைக்கலாமா?

கடும் மாற்றுத்திறன் காரணமாகப் பள்ளிக்கு வர இயலாத பிள்ளையைத் தேடி, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கே போகிறார். இயன்முறை மருத்துவர் போய்க் கை கால்களுக்குப் பயிற்சி தருகிறார். இந்தச் செலவெல்லாம் ‘சமக்ர சிக்ஷா’ என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கணக்கில் வருகிறது. அதில் 100 ரூபாய்க்கு 60 ரூபாய் ஒன்றிய அரசு தர வேண்டும்; 40 ரூபாய் மாநிலம் போட வேண்டும். 2024-25 நிதியாண்டில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. மாநிலம் கணக்குக் காட்டவில்லை என்பதற்காக அல்ல. தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கச் சொல்லும் ‘பி.எம். ஸ்ரீ’ பள்ளிகள் ஒப்பந்தத்தில் அது கையெழுத்திடவில்லை என்பதற்காக.

இரு அரசுகளுக்கு இடையிலான நிர்வாகத் தகராறு என்று இதை ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. இது அறம் பிழைத்த செயல். கொள்கையில் முரண்பட்டவர்கள் ஆட்சியாளர்கள். தண்டனை போய்ச் சேர்ந்த இடம் அந்தப் பிள்ளையின் வீடு.

தேசியக் கல்விக் கொள்கையின் மும்மொழித் திட்டத்தோடு முரண்படும் தமிழ்நாட்டின் இருமொழிக் கொள்கை நேற்று முளைத்த பிடிவாதம் அல்ல. 1968 ஜனவரி 23 அன்று அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் அது. அதன் பிறகு ஆட்சிகள் மாறின, கொள்கை மாறவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாக்காளர்கள் ஏற்று வந்த ஒரு முடிவை மதிக்காமல், 2025 பிப்ரவரியில் வாராணசியில் நின்றுகொண்டு, கல்விக் கொள்கையை ஏற்காதவரை பணம் இல்லை என்ற பொருள்பட ஒன்றியக் கல்வி அமைச்சர் பேசினார். இந்தத் தேசியக் கல்விக் கொள்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டமல்ல. அதை ஏற்கும்படி ஒரு மாநிலத்தை நேரடியாகக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2025 மே மாதம் சொல்லிவிட்டது. நீதிமன்றம் செய்ய மறுத்ததைக் கஜானா சாவியைக் கொண்டு செய்ய முயல்வது முறையல்ல.

மாநிலங்கள் தமக்கென ஒரு வழி வகுத்துக்கொண்டதால் இந்த நாடு என்ன இழந்தது? பெற்றதைத்தான் நாம் பட்டியலிட முடியும். பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவது அரசின் கடமை என்ற எண்ணம் டெல்லியில் பிறந்ததல்ல. 1920-களில் நீதிக்கட்சியினர் ஆண்ட சென்னை மாநகராட்சியின் பள்ளிகளில் துளிர்த்தது. 1956-ல் காமராஜர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், வீண்செலவு என்று ஏளனம் செய்தவர்கள் அன்று இருந்தார்கள். 1995-ல் ஒன்றிய அரசு நாடு முழுக்கத் திட்டம் அறிவித்தபோதும், பல மாநிலங்கள் தானியத்தை அளந்து கொடுத்ததோடு நின்றன. சமைத்த உணவே போட வேண்டும் என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகுதான் அடுப்புகள் எரிந்தன. தட்டில் முட்டை வைக்க வேண்டும் என்று ஒன்றியத் திட்டம் இன்றும் கட்டாயப்படுத்துவதில்லை. தமிழ்நாடு பள்ளி நாள்தோறும் வைக்கிறது. பிள்ளைக்குக் காலை உணவும் வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கையே பரிந்துரைக்கிறது. அதை 2022 செப்டம்பர் முதல் சொந்தப் பணத்தில் செயல்படுத்தும் மாநிலம், அந்தக் கொள்கையை முழுதாக ஏற்க மறுத்த இதே மாநிலம்தான்.

கல்வி 1976-ல் அரசமைப்பின் 42-ஆம் திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போனது, நெருக்கடி நிலைக் காலத்தில். அந்த வரலாற்றுக் காயத்தைக் கிளறாமலே கேட்கலாம்: பொதுப்பட்டியல் என்றால் இருவரும் பேசித் தீர்ப்பது என்றுதானே பொருள்? கொள்கை எந்த மொழியையும் திணிக்கவில்லை, மாநிலமே மொழிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது ஒன்றிய அரசு. நல்லது. திணிப்பு இல்லையென்றால் நிபந்தனை எதற்கு? கேரளம், மேற்கு வங்கம், தமிழ்நாடு ஆகியவற்றின் நிதியை இப்படி நிறுத்தியது நியாயமில்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே 2025 மார்ச்சில் சொன்னது.

மாநில உரிமையின் பெயரால் எதையும் மன்னித்துவிடவும் நாம் தயாராக இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்கள் ஏழைப் பிள்ளைகளுக்கு உரியவை. அவர்களின் கட்டணத்தை ஈடுசெய்யும் ஒன்றிய நிதி வரவில்லை என்று சொல்லி 2025-26 சேர்க்கையைத் தமிழ்நாடு அரசு வழக்கமான காலத்தில் தொடங்கவில்லை. இந்த நிதியைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று ஒன்றிய அரசுக்கு ஜூன் மாதம் சொன்ன சென்னை உயர் நீதிமன்றம், டெல்லிப் பணம் வராததைக் காரணம் காட்டி மாநிலம் தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் சொன்னது. ஆனாலும் அக்டோபரில்தான் சேர்க்கை நடந்தது. அதற்குள் எத்தனை பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டினார்களோ! டெல்லியைப் பிள்ளைகளின் பெயரால் கண்டித்த அரசு, அதே பிள்ளைகளைக் காத்திருக்க வைத்தது குற்றமே.

நிலுவைத் தொகையை வட்டியோடு கேட்டுத் தமிழ்நாடு தொடுத்த வழக்கு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வந்து குட்டும்வரை ஒன்றிய அரசு காத்திருக்க வேண்டியதில்லை. நிறுத்திய பணத்தை நிபந்தனையின்றி முழுதாகத் தர வேண்டும். மாநில அரசும், டெல்லியிலிருந்து பணம் வந்தாலும் வராவிட்டாலும் 25 விழுக்காட்டுச் சேர்க்கை ஆண்டுதோறும் ஏப்ரலில் தொடங்கும் என்று அரசாணை போட்டு, அதற்கான தொகையைத் தன் வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும்.