மூடியிருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?

சோமனூர்க்காரர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. 2018இல் தேஜஸ் விமானங்களோடு 45ஆவது படைப்பிரிவு அங்கே வந்தது. 2020 மே மாதத்தில் 18ஆவது பிரிவும் சேர்ந்துகொண்டது. விமானப்படையின் 5ஆம் எண் பழுதுபார்ப்பு மையமும் அங்கேதான். தறிச் சத்தத்தையும் மீறித் தலைக்கு மேலே உறுமல் கேட்டாலும் நம்மில் யாரும் இப்போது அண்ணாந்து பார்ப்பதில்லை.

இன்று நான் எழுதப்போவது அந்தப் போர் விமானங்களைப் பற்றியல்ல. பறக்கக் கற்றுக்கொள்பவர்கள் ஓட்டும் இரண்டு இருக்கைச் சின்ன விமானத்தைப் பற்றி. அதிலும் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடி மூடியைப் பிடித்து நிறுத்துகிற, ஒரு சாண் நீளம்கூட இல்லாத தாழைப் பற்றி. "எழுபது வயசுக்கு மேல உங்களுக்கு எதுக்குங்க விமானத் தாழ்ப்பாள்?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கடைசியில் பேச்சு நம் பேரப்பிள்ளைகள் ஏறும் பள்ளி வண்டிக்குத்தான் வந்து சேரும்.

காரைக்கால் பக்கம் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் கதவுக்கு இரண்டு சொற்கள் உண்டு. 'லொக்கே' என்றால் கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் பிடித்து வைக்கும் கொண்டி. 'வெரூ' என்றால் தள்ளினாலும் திறக்காத தாழ். நம் பழைய வீடுகளிலும் இந்த வித்தியாசம் இருந்தது. பகலில் கொண்டி மட்டும் மாட்டுவார்கள், இரவில் தாழ்ப்பாள் போட்டு நாதாங்கியில் பூட்டும் தொங்கவிடுவார்கள். மூடுவது வேறு, பூட்டுவது வேறு என்று கதவைப் பார்த்தே குழந்தைக்கும் தெரியும். சின்ன விமானத்தில் இந்த இரண்டு வேலையையும் பெரும்பாலும் ஒரே கைப்பிடி செய்கிறது. தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே ஒரு தண்டு சுழலும். தண்டின் முனையில் உள்ள கொக்கியோ பின்னோ சட்டத்தில் இருக்கும் துளைக்குள் போய் உட்காரும். புதிதாக இருக்கும்போது 'டக்' என்று விழும். ஆண்டுக்கணக்கில் ஓடிய பிறகு பின் தேயும், துளை நீள்வட்டமாகும், புஷ் லொடலொடக்கும், ஸ்பிரிங் தளரும். ஏறி இறங்கும்போது மூடியின் சட்டத்தைப் பிடித்துத் தொங்குகிறவர்களால் கீலும் வளையும். அப்போதும் கைப்பிடி வழக்கமான இடத்துக்குத்தான் போய் நிற்கும். பார்க்கிறவனுக்குப் பூட்டியதாகத் தெரியும். உள்ளே பின் பாதிதான் ஏறியிருக்கும்.

தரையில் இருக்கும்வரை அந்தப் பாதியே போதும். மேலே போனால் போதாது. மூடியின் வளைவுமீது காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைந்து, மூடியை மேல்நோக்கி இழுக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 165 கிலோ எடை. அதில் பாதி அளவு உறிஞ்சல் இருந்தாலே, ஒரு சதுர மீட்டர் மூடியை 80 கிலோ ஆள் ஒருவர் மேலேயிருந்து இழுப்பதற்குச் சமம். தேய்ந்த பின்னை நம்பி அத்தனை எடையும் தொங்குகிறது.

நரினே மெல்குமியான் என்ற டச்சுப் பெண் விமானி, சாகசப் பயிற்சியின்போது தனக்கு நேர்ந்ததைப் பற்றிய படத்தை 2024இல் வெளியிட்டார். எக்ஸ்ட்ரா 330 ரக விமானத்தில் தனியாகப் பறந்துகொண்டிருந்தபோது கண்ணாடி மூடி திறந்து சிதறிவிட்டது. முகத்தில் அடித்த காற்றில் மூச்சுவிடவும் கண்ணைத் திறக்கவும் முடியாமல் எப்படியோ தரையிறக்கினார். பூட்டும் பின் சரியான இடத்துக்குப் போகவே இல்லை, புறப்படும் முன் கண்ணால் பார்த்து உறுதி செய்திருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். பார்வை முழுதும் திரும்ப ஒரு நாளுக்கு மேல் ஆயிற்றாம். அவருடையது தேய்மானக் கோளாறு அல்ல, பார்க்காமல் விட்டது. ஆனாலும் பாதி ஏறிய பின் என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. மூடி திறந்தாலும் சின்ன விமானம் பெரும்பாலும் பறக்கத்தான் செய்யும் என்கிறார்கள் அனுபவசாலிகள். பதறிப்போய் மூடியைப் பிடிக்கக் கையை நீட்டி, விமானத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் விழுகிறார்கள்.

சரி, தேய்ந்த தாழை என்ன செய்வது? நம் ஊர்ப் பழக்கப்படி மூன்று வழிகள். ஒன்று, கொஞ்சம் ஓங்கிச் சாத்துவது. இரண்டு, இடைவெளியில் எதையாவது செருகுவது. மூன்று, தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து அரத்தால் ராவிவிடுவது. மூன்றுமே அப்போதைக்கு வேலை செய்யும், அதுதான் அவற்றின் ஆபத்து. ஓங்கிச் சாத்தினால் கண்ணாடியில் விரிசல் விடும். அது அக்ரிலிக். பெட்ரோலோ தின்னரோ பட்டால்கூட மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடும். செருகினால் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளரும். வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில், பக்குவம் பார்த்துக் கடினப்படுத்திய எஃகு தன் பக்குவத்தை இழந்துவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும், முறியும்போதுதான் தெரியும்.

முறையான வழி மெதுவானது. தாழைக் கழற்ற வேண்டும். பழைய கிரீஸைத் துடைக்க வேண்டும். பின்னையும் துளையையும் அளந்து, தயாரிப்பாளர் கொடுத்த வரம்போடு ஒப்பிட வேண்டும். வரம்பு தாண்டியிருந்தால் பாகம் எண் பார்த்துப் புதியதைப் போட வேண்டும். போடுவதற்கு முன் இது ஏன் தேய்ந்தது என்றும் பார்க்க வேண்டும். கீல் தொங்கியிருந்தாலோ, புதிதாக ஒட்டிய ரப்பர் தடிமனாக இருந்தாலோ புதுத் தாழும் அதே கதியைத்தான் அடையும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விழுகிறதா என்று சோதித்து, மூடியை உள்ளிருந்து கையால் மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். கடைசியாக, உரிமம் பெற்ற பொறியாளர் லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழாமல் விமானம் பறக்கக் கூடாது.

"இதெல்லாம் பணம் பிடுங்கும் வேலை, நம்ம கோயமுத்தூர் லேத் பட்டறையில் கொடுத்தால் அச்சு அசலாகச் செய்து கொடுத்துவிடுவார்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. செய்து கொடுப்பார்கள், சந்தேகமில்லை. அளவில் ஒரு நூல் பிசகாது. நான் அந்தக் கைத்திறமையைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பழைய பாகத்தைக் கையில் வைத்துப் பார்த்து அதேபோல் செய்கிறோம் என்பதில் ஒரு குழி இருக்கிறது. அந்தப் பழைய பாகம் சரியானது என்று யார் சொன்னது?

1990 ஜூன் 10ஆம் தேதி பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட பயணிகள் விமானத்தில் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டர் பாதி உடம்பு வெளியே இழுபட்டுத் தொங்க, ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். அதிசயமாக எல்லோரும் பிழைத்தார்கள், கேப்டன் உட்பட. விசாரித்தால், முந்தின நாள்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதேபோல் தேடி எடுத்துப் போட்டார். பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. 90 போல்ட்டுகளில் 84 குறுக்களவில் சிறியவை. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கழற்றிய பழையவற்றிலேயே பெரும்பாலானவை தவறான போல்ட்டுகள்தாம். அனுபவம் மிக்கவர், கண்ணளவை நம்பினார்.

எங்கே தூக்கி எறிய வேண்டும் என்பது நம் பகுதிக்குத் தெரியாத விஷயமல்ல. திருப்பூர் நிட்டிங் மிஷினில் ஓடும் ஊசியைப் பாருங்கள். அதிலும் ஒரு குட்டித் தாழ் இருக்கிறது, ஊசியின் கொக்கியை மூடித் திறக்கும் நாக்கு. 1806இல் பியேர் ஜாந்தோ என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1847இல் இங்கிலாந்தின் மேத்யூ டவுன்செண்ட் அதை நடைமுறைக்கு ஏற்றதாக்கினார். பனியன் தொழிலே அந்த நாக்கில்தான் நிற்கிறது. நாக்கு தேய்ந்து சரியாக மூடாவிட்டால் கண்ணி நழுவும், துணியில் நெடுகக் கோடு விழும். நல்ல மெக்கானிக் அந்த ஊசியை நெளித்து நிமிர்த்திக்கொண்டு இருப்பாரா? பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது ஊசி செருகுவார். துணி வீணாகும் என்று அவருக்குத் தெரியும். துணிக்குக் காட்டும் கண்டிப்பை ஆள் ஏறுகிற வண்டிக்கும் காட்ட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இங்கே நான் ஒரு எழுத்தராகவும் பேச வேண்டும். வாழ்நாள் முழுதும் பதிவேடும் கோப்புமாக இருந்தவன். "ஃபைல் எழுதினால் வண்டி ஓடுமா?" என்று எங்களைக் கேலி செய்வார்கள். விமானத்தைப் பொறுத்தவரை ஃபைல் எழுதினால்தான் ஓடும். இன்று தாழ் மாற்றியவர் நாளை இருக்க மாட்டார். அடுத்து வருகிறவருக்கு எந்தத் தேதியில், எந்தப் பாகம், யார் மாற்றினார் என்று சொல்வது அந்த ஒரு பக்கம்தான்.

ஆனால் அந்தப் பக்கம் பொய் சொன்னால்? 1972 ஜூனில் கனடாவின் விண்ட்சர் நகருக்கு மேலே ஒரு டி.சி.10 விமானத்தின் சரக்குக் கதவு பிய்த்துக்கொண்டது. கைப்பிடி மூடியதாகக் காட்டியது, தாழ் முழுதாக விழவில்லை. நல்லவேளையாக எல்லோரும் பிழைத்தார்கள். கதவில் செய்ய வேண்டிய திருத்தங்கள் முடிவாயின. 1974 மார்ச் 3ஆம் தேதி பாரிஸ் ஓர்லியிலிருந்து கிளம்பிய துருக்கி நாட்டு டி.சி.10 அதே கோளாறில் எர்மனோன்வீல் காட்டில் விழுந்தது. 346 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த விமானத்தின் தொழிற்சாலைப் பதிவேட்டில் திருத்தம் செய்தாகிவிட்டது என்று ஆய்வாளர்களின் முத்திரையே இருந்தது. இரும்பில் முழுத் திருத்தம் இல்லை. தாழ் விழுந்ததா என்று பார்க்கக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் வைத்திருந்தார்கள். கதவை மூடிய தொழிலாளிக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியும். பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்பு அவருக்குத் தெரிந்த மொழியில் இல்லை. பிரெஞ்சு படித்த எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

நான் பார்த்த அலுவலகம் ஒன்றில் தீயணைக்கும் மணல் வாளிகளுக்கு ஒரு பதிவேடு உண்டு. மாதாமாதம் 'சரிபார்க்கப்பட்டது' என்று சுருக்கொப்பம் விழும். வாளியில் மணலுக்குப் பதில் வெற்றிலை எச்சில்தான் இருந்தது. அங்கே தீப்பிடிக்கவில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. கையெழுத்து என்பது சடங்காகிவிட்டால் பதிவேடு இல்லாமல் இருப்பதைவிட அது மோசம். இல்லாதபோதாவது நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். இருக்கும்போது யாரும் பார்ப்பதில்லை.

இதற்கு நம் மாநிலமே விலை கொடுத்திருக்கிறது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே ஒரு சின்னப் பெண் விழுந்து இறந்தாள். அந்த வண்டிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தகுதிச் சான்று கொடுத்திருந்தார்கள். காகிதத்தில் வண்டி நன்றாக இருந்தது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் அதே 2012இல் வந்தன. விதிகள் நல்லவைதாம். ஆனால் கதவை ஒரு தடவை அசைத்துப் பார்க்க விதி வந்து நிற்காது, ஆள்தான் நிற்க வேண்டும்.

அதனால் என் வயதுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். காலையில் பேரப்பிள்ளைகளை வண்டி ஏற்றிவிடுவது பல வீடுகளில் நம் வேலைதான். கதவு சாத்தியதும் கையைப் பிடியில் வைத்து ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். கயிறு கட்டியிருந்தால், கம்பி முறுக்கியிருந்தால், "ஓங்கிச் சாத்துங்க தாத்தா, நிக்கும்" என்று டிரைவர் தம்பி சொன்னால், கோபப்படாமல் கேளுங்கள்: "எப்பங்க மாத்துவீங்க? என்னைக்குன்னு சொல்லுங்க." அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், அன்றைக்கு மறுபடி இழுத்துப் பாருங்கள். அடுக்குமாடி லிஃப்ட் கதவுக்கும், வாடகைக்கு எடுக்கும் வேனுக்கும் இதேதான். "பெருசுக்கு வேற வேலையில்ல" என்பார்கள். ஆமாம், வேறு வேலை இல்லை, இதையே செய்வோம்.