கம்பெனி வைத்த ஊர்

மாஞ்சோலைக்காக இப்போது இரண்டு வகை ஆட்கள் கண்ணீர் விடுகிறார்கள். முதல் வகை, மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் அனுமதி வாங்கி மேலே போய், மூடுபனிக்குள் பூட்டிக் கிடக்கும் லைன் வீடுகளைப் படம்பிடித்து, இளையராஜா பாட்டு ஒன்றை ஒட்டி வலையேற்றுகிறவர்கள். இரண்டாவது வகை, 'கடைசியில் காடு காட்டுக்கே திரும்புகிறது' என்று ஆனந்தக் கண்ணீர் வடிப்பவர்கள். இரண்டு அழுகையிலும் ஒரு பெயர் மட்டும் வராது: பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன்.

அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்பாசமுத்திரத்து டீக்கடையிலேயே மறுப்பு வந்துவிடும். "அவனுக்குக் குத்தகை முடியுது, அவன் போறான். அவன் என்னவே செய்வான்?" இந்த 'அவன் என்ன செய்வான்' என்கிற பெருந்தன்மை நம்மிடம் கம்பெனிகளுக்கு மட்டும்தான் உண்டு. வாடகை பாக்கி வைத்துவிட்டு வீட்டைக் காலிசெய்கிறவனைப் பற்றி இப்படிப் பேச மாட்டோம்.

கம்பெனியின் முன்கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1863-இல் பம்பாயில் வாலஸ் சகோதரர்கள் தொடங்கியது. பர்மாவில் தேக்கு வெட்டுவதுதான் தொழில். வெட்டிய மரங்களைக் கணக்கில் குறைத்துக் காட்டியது என்று மாண்டலே அரசவை அபராதம் விதித்தது. 1885-இல் அந்த அபராதத்தைச் சாக்காக வைத்து ஆங்கில அரசு படையெடுத்தது. நவம்பர் முடிவதற்குள் தீபா மன்னர் கைதியாகக் கப்பலேறிவிட்டார். இரத்தினகிரியில் நாடுகடத்தப்பட்டே 1916-இல் செத்துப்போனார். ஒரு மரக்கம்பெனியின் வழக்குக்காக ஒரு ராஜ்ஜியமே விழுந்தது. தன் சொத்து, தன் உரிமை என்று வந்தபோது இந்தக் கம்பெனி 'நாம் என்ன செய்வது, அரசாங்கம் சொல்லிவிட்டதே' என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை.

அது 1929-இல் நம் மலைக்கு வந்தது. திருவிதாங்கூர் ராஜாவுக்குப் போரில் உதவியதற்காகச் சிங்கம்பட்டி ஜமீனுக்குக் கிடைத்த மலை அது. ஜமீன் குடும்பம் சிக்கிக்கொண்ட கொலை வழக்கு ஒன்றுக்குச் செலவழித்த கடனை அடைக்கத்தான் மலையைக் குத்தகைக்கு விட்டார்கள் என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் பத்திரத்தில் இருப்பது 8,373 ஏக்கர், 99 வருஷம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1952-இல் ஜமீன் ஒழிந்தது, நிலம் அரசாங்கத்துக்கு வந்தது. குத்தகை மட்டும் ஒழியவில்லை. ஜமீன்தாருக்குப் போன குத்தகைப் பணம் சர்க்காருக்குப் போனது, அவ்வளவுதான். கம்பெனியும் காலப்போக்கில் வாடியா குழுமத்தின் கைக்கு வந்தது. நீங்கள் டீயில் முக்கித் தின்னும் பிரிட்டானியா பிஸ்கட்டும் அதே வீட்டுச் சரக்குதான்.

கம்பெனி ஓர் ஊருக்கு வந்து ஆலை வைப்பது ஒன்று. அதற்கு முன்னாலும் அங்கே ஊர் இருந்திருக்கும். ஆலை மூடினாலும் மிச்சமிருக்கும். விக்கிரமசிங்கபுரத்தில் மில் இருக்கிறது, அதைத் தாண்டிக் கடைத்தெரு இருக்கிறது, கோயில் இருக்கிறது, அவரவர் பெயரில் பட்டா இருக்கிறது. மாஞ்சோலையில் கம்பெனியைக் கழித்தால் மிச்சம் என்று எதுவும் இல்லாதபடிதான் ஊரையே வைத்தார்கள். நெல்லைச் சீமையின் சேரிகளிலிருந்தும், கொஞ்சம் கேரளத்திலிருந்தும் ஆள் பிடித்துப் போனார்கள். குடியிருந்த வீடு கம்பெனியுடையது. வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியும் பிள்ளையைத் தொட்டில் கட்டிப் போட்ட காப்பகமும் கம்பெனியுடையவை. நாலு தலைமுறை அங்கே பிறந்து அங்கே செத்தது. ஒரு சென்ட் நிலம்கூட ஒருத்தர் பேரிலும் இல்லை.

இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், காப்பகம் எல்லாம் முதலாளி கொடுக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான், அன்றைக்குப் பெரிய வெற்றியும்கூட. ஆனால் அதே சட்டம் வீட்டை வேலையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு வயது வந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வீடு கையைவிட்டுப் போகக் கூடாது என்றால் குடும்பத்தில் இன்னொருத்தர் பேர் கம்பெனி ரிஜிஸ்தரில் ஏற வேண்டும். கீழே விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை, அம்மாவுக்குக் கூரை வேண்டுமே என்று மறுபடி கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டுவது தோட்டத்து வீடுகளில் வழக்கமான கதை. கூலியைவிட இந்த வீடுதான் ஆளை இறுக்கிப் பிடித்தது. கூலி குறைவு என்று ஒருத்தன் வேலையை விடலாம். வீட்டை விட்டுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு மழையில் நிற்க முடியாது. அதுவும் எப்பேர்ப்பட்ட மழை. தமிழ்நாட்டிலேயே அதிகம் பெய்யும் இடங்களில் ஊத்தும் நாலுமுக்கும் அடக்கம்.

அப்படியும் அவர்கள் எதிர்த்து நின்றார்கள். கூலி உயர்வு கேட்ட போராட்டம், கைது, சிறை. 1999 ஜூலை 23 அன்று, சிறையிலிருந்த 652 தொழிலாளர்களை விடச் சொல்லித் திருநெல்வேலியில் ஊர்வலம் போனது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போலீஸ் தடியடி நடத்தியது; ஜனங்கள் தாமிரபரணிக்குள் ஓடினார்கள். 17 பேர் பிணமானார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. வருஷா வருஷம் ஜூலை 23-இல் கட்சிக்காரர்கள் ஆற்றில் பூப்போட வருவார்கள். அந்தப் பூவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் 25 வருஷத்தில் கட்சி மாறி, ஆட்சி மாறி, இவர்களில் ஒருவர்கூட அந்த ஜனங்களுக்குக் கீழே மூன்று சென்டில் ஒரு சொந்த வீட்டுக்கு ஏற்பாடு செய்திருக்கலாமே என்று கேட்டால் பதில் இல்லை. குத்தகை 2028-இல் முடிகிறது என்பது யாருக்கும் ரகசியமாகவா இருந்தது? 1929 பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது.

2024-இல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். விருப்ப ஓய்வு என்று அறிவித்தார்கள். ஜூன் மாதம் வேலை நின்றது. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். பணத்தில் கால்பங்கு முன்னால், மிச்ச முக்கால்பங்கு வீட்டை விட்டு இறங்கிய பிறகு. இதில் 'விருப்பம்' எங்கே இருக்கிறது என்று நானும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் பார்க்கிறேன். மாட்டேன் என்று சொன்னால் மட்டும் வேலை நடக்கப்போகிறதா? சொந்த மண்ணில்லாதவனிடம் மட்டுமே இப்படி ஒரு விருப்பத்தைக் கேட்க முடியும்.

நீதிமன்றம் வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. பிறகு 2024 டிசம்பர் 3 அன்று, அரசின் தேயிலைக் கழகமான டேன்டீ தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வு தள்ளுபடி செய்தது. அரசு அறிவித்த மறுவாழ்வு உதவிகளைச் செய்து கொடுக்கச் சொன்னது. டேன்டீயைப் பற்றி எனக்கும் பெரிய மயக்கம் கிடையாது. இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க உண்டாக்கிய அமைப்பு அது. நஷ்டக் கணக்கு காட்டி 2022-இல் தன் நிலத்திலேயே இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானது. மூழ்குகிற படகில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் இந்த ஜனங்கள் கேட்டார்கள். அதுகூடக் கிடைக்கவில்லை.

அதே டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் பார்க் சிட்டி என்ற பனிச்சறுக்கு ஊரில் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த மலையை வேல் ரிசார்ட்ஸ் என்ற கம்பெனி நடத்துகிறது. சறுக்குகிறவர்களைக் காப்பாற்றும் காவல் குழுவினர் சுமார் 200 பேர், மணிக்கு 21 டாலராக இருந்த தொடக்கக் கூலியை 23 ஆக்கச் சொன்னார்கள். வீட்டு வாடகை தாங்காத ஊரில் அவர்கள் கேட்டது இரண்டே டாலர். பண்டிகைக் கூட்டம் லிஃப்ட் வரிசையில் மணிக்கணக்கில் நின்றது, 13-ஆம் நாள் கம்பெனி இறங்கி வந்தது. நம் ஆட்கள் பிழைப்பே போகிறது என்று நின்றபோது எந்த வரிசையும் எங்கேயும் நிற்கவில்லை. கடையில் டீத்தூள் எப்போதும்போல் கிடைத்தது.

அமெரிக்காவைச் சொன்னால் புல்மேனையும் சொல்ல வேண்டும். சிகாகோ பக்கத்தில் ரயில்பெட்டி செய்யும் கம்பெனி, தொழிலாளர்களுக்கென்றே ஓர் ஊர் கட்டியது. 1894-இல் கூலியைக் குறைத்தது, வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. நாடு முழுக்க ரயில் நின்றது, ராணுவம் வந்தது, வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் 1898-இல் இல்லினாய் மாகாண உச்ச நீதிமன்றம், ரயில்பெட்டி செய்யும் கம்பெனிக்கு ஊரைச் சொந்தமாக வைத்துக்கொள்ள உரிமை இல்லை, விற்றுவிடு என்றது. அந்த வீடுகள் இன்றும் இருக்கின்றன, ஜனங்களும் குடியிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு முதலாளித்துவ நாட்டின் கோர்ட்டுக்குத் தோன்றிய விஷயம் இது.

மூணாறைக் காட்டி என்னை மடக்கப் பார்ப்பார்கள். 2005-இல் டாடா அங்கே தோட்டங்களை விட்டு விலகியபோது தொழிலாளர்களைப் பங்குதாரர்களாக்கிப் புதுக் கம்பெனி உண்டானதே என்பார்கள். உண்டானது. 2015-இல் அந்தப் பங்குதாரப் பெண்கள்தான் போனசுக்காக நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்தபோது, அந்தப் பங்குதாரர் குடும்பங்கள் அதே பழைய லைன் வீடுகளுக்குள் படுத்திருந்தன. 70 பேர் போனார்கள். பலரும் நம் கயத்தாறு பக்கத்துக்காரர்கள். பங்குப் பத்திரம் இருந்தது, வேறு இடத்தில் படுக்கச் சொந்தமாக ஒரு வீடு இல்லை.

இனி காட்டுக்காரர்களுக்கு வருகிறேன். காடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேலே பெய்வதுதான் மணிமுத்தாறு அணைக்கு வருகிறது. அந்தத் தண்ணீரில்தான் என் மாவட்டம் சோறு தின்கிறது. களக்காடு முண்டந்துறை 1988-இலேயே புலிகள் காப்பகம். காக்காச்சிச் சோலைகளில் சிங்கவால் குரங்கு இருக்கிறது. தேயிலை என்பது காட்டை மொட்டையடித்து வைத்த பச்சைக் கம்பளம் என்பதும் உண்மை. ஆனால் மொட்டையடித்தது யார்? லாபம் யாருக்குப் போனது? காட்டைத் திருப்பிக் கொடுக்கும் புண்ணியம் மட்டும் ஏன் கூடை சுமந்தவள் தலையில் விழுகிறது? 2023-இல் அரிக்கொம்பன் யானையை இடம் மாற்றினார்கள். கும்கி, கால்நடை மருத்துவர்கள், கழுத்தில் ரேடியோ காலர், இன்றைக்கு என்ன தின்றது என்று மாநிலமே கவலைப்பட்டது. அந்த யானை முண்டந்துறையிலிருந்து நாலுமுக்கு பக்கம் வந்தபோது அதுவும் செய்தி. யானைக்குச் செய்தது சரி. மனுஷனுக்கு லாரியும் அடுக்குமாடி வீட்டு விண்ணப்பமும் போதும் என்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

வன உரிமைச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பழங்குடி அல்லாதவர்கள் உரிமை கேட்டால் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டில் இருந்திருக்க வேண்டும். 1929-இலிருந்து 2005 வரை 76 வருஷம். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். முதலில் ஏறிய குடும்பங்களுக்கு வருஷக் கணக்கு நேராகிவிடுகிறது. அடுத்த நிபந்தனையில்தான் இடிக்கிறது: பிழைப்புக்குக் காட்டை நம்பியிருக்க வேண்டும். இவர்கள் நம்பியிருந்தது கம்பெனிக் கூலியை. தேனெடுத்துப் பிழைத்திருந்தால் காட்டுவாசி. கொழுந்து பறித்ததால் வெறும் வேலையாள். ஆக, வேலை இருந்தபோது ஊர்க்காரர் என்று ஓட்டு வாங்கினார்கள். வேலை போன மறுநாள் ஊரே இல்லை, வெறும் எஸ்டேட் என்கிறார்கள். இந்த ஜனங்களுக்கு ரேஷன் கார்டில், ஆதாரில், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் எல்லாம் முகவரி மாஞ்சோலை என்று அச்சடித்தது இதே அரசாங்கம்தான்.

குத்தகை முடிய 2028 வரை நாள் இருந்தது. அதற்குள் செய்திருக்க வேண்டியது பெரிய வித்தையும் இல்லை. குடும்பத்துக்கு ஒரு வீட்டுமனை, பெண்கள் பெயரில் பட்டா, மணிமுத்தாறு, சிங்கம்பட்டி சுற்று வட்டாரத்திலேயே, ஐந்து எஸ்டேட்காரர்களும் சேர்ந்திருக்கிற மாதிரி. 95 வருஷம் அந்த மலையில் சம்பாதித்தவர்களிடம் அதற்கான செலவில் பாதியையாவது வாங்கியிருக்க வேண்டும். அடுக்குமாடியில் ஒரு குடும்பம் ரெட்டியார்பட்டி, ஒரு குடும்பம் பாபநாசம் என்று பிரித்துப் போட்டால் வீடு கிடைக்கலாம். சாவு விழுந்தால் தூக்க நாலு பேர் கிடைக்க மாட்டார்கள். கம்பெனிக்கு முந்தி இவர்களுக்குள் சாதிசனம் தவிர வேறு உறவு இருந்ததோ என்னவோ, மேலே போன பிறகு லைன் வீட்டுச் சுவர்தான் உறவாயிற்று.

மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகம் தினமும் மழையளவுப் பட்டியல் கொடுக்கிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று நாலு பேரும் அதில் தவறாமல் இருக்கும். மேலே கல்லறைகளும் இருக்கின்றன. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தவோ, அமாவாசைக்கு ஒரு பிடி சோறு வைக்கவோ, அங்கேயே பிறந்த கிழவி இனி எந்த ஆபீஸில், என்ன காரணம் எழுதி, எத்தனை ரூபாய் கட்டி அனுமதி வாங்க வேண்டும் என்பதை யாராவது விசாரித்துச் சொன்னால் நல்லது. நவம்பர் வருவதற்குள் தெரிந்தாக வேண்டும்.