எலும்புக்கூட்டு உடுப்பைக் கழற்றி வையுங்கோ

ஜூன் 26 வந்தால் எங்கட ஊர்களில் திரும்பத் திரும்ப ஒரே நாடகம்தான். கறுப்பு உடுப்பில எலும்புக்கூடு கீறிக்கொண்டு ஒருத்தர் 'போதை அரக்கனாக' வருவார். போதைக்காரனாக நடிக்கிறவர் தள்ளாடி விழ, பாடசாலைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியில் அவர் செத்துப்போவார். பிறகு உறுதிமொழி, குழுப்படம், பேஸ்புக். 1987இல் ஐ.நா. அறிவித்த தினம் எங்களிட்ட இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கு.

அந்தக் கூட்டத்தின்ர பின்வரிசையில், ஐஸை விட்டு மூன்று மாதமான ஒரு பெடியன் நிற்கிறான் எண்டு வையுங்கோ. அவனுக்கு இந்த நாடகம் என்ன சொல்லுது? நீ சாகப்போறாய், நாங்கள் கைதட்டப்போறம். அவ்வளவுதான்.

அரசு சொல்லுறதும் இதிலிருந்து தூரமில்லை. 2023 டிசம்பரில் தொடங்கின 'யுக்திய' நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோரைக் கைதுசெய்து, பலரை இராணுவம் நடத்துற புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பினார்கள். அப்படியொரு நிலையமான கந்தகாட்டில், 2022 ஜூனில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து மோதல் வெடித்து, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். அந்தச் செய்தியை நாடே வாசித்தது.

சரி, ஒருத்தர் சிகிச்சை முடித்து வீட்ட வாறார். பின்னேரம் ஐந்து மணிக்கு அவர் எங்க போறது? வேலை இல்லை. 'குடுக்காரன்' எண்ட பட்டத்தை ஊர் மறக்கேல்லை. போனில் இருக்கிறதெல்லாம் பழைய நம்பர்கள். அந்த வெறும் பின்னேரங்களில்தான் பலர் திரும்ப விழுகினம்.

கலைக்குழுக்களுக்கு வேலை இருக்கிறது இங்கதான். மட்டக்களப்புக் கூத்தை எடுங்கோ. சட்டங்கொடுத்து அரங்கேற்றம் வரைக்கும் மாதக்கணக்கில் பழகுவார்கள். ஒருத்தர் வராவிட்டால் எதிர்நின்று ஆடுறவருக்கும் பழக்கம் குழம்பும். அதால யாராவது வீடு தேடிப் போய் "ஏன் வரேல்லை?" எண்டு கேட்பார்கள். போதையை விட்டவருக்கு வேண்டியதும் அதுதான்: போக ஒரு இடம், செய்ய ஒரு வேலை, வராவிட்டால் தேட நாலு பேர்.

இது புதுக்கதையுமில்லை. போரால் காயப்பட்ட மனங்களோட அரங்கு வழியாக வேலை செய்தவர் க. சிதம்பரநாதன். லண்டனில், போதையிலிருந்து மீண்ட பில் பொக்ஸ் 1999இல் தொடங்கின அவுட்சைட் எட்ஜ் நாடகக் குழுவில், மீண்டு வருகிறவர்களே நடிக்கினம்.

"கூத்தாடினால் ஐஸை விட்டிடுவானோ?" எண்டு கேட்பீங்கள். மாட்டான். மருத்துவரும் உளவளத்துணையாளரும் கட்டாயம் வேணும். மத்தளம் மருந்தில்லை. ஆனால் மருந்து முடிஞ்ச பிறகும் வாழ்க்கை கிடக்குதே, அதுக்கு யார் பொறுப்பு?

"அரங்கேற்ற இரவில சாராயமும் ஓடுமே?" இது நியாயமான கேள்வி. குழுவுக்குள்ள அது முற்றாக நிற்கவேணும், அண்ணாவியாருக்கும் சேர்த்து. போதையோட வந்தால் அன்றைக்குத் திருப்பி அனுப்புங்கோ, நாளைக்கு வரச் சொல்லுங்கோ. ஒருக்கா சறுக்கினவரைக் குழுவால் வெட்டினால், அவரைக் கூப்பிட வேற ஆக்கள் தயாராய் நிற்கினம்.

எங்கட கோரிக்கை பெரிசில்லை. ஊர் ஊராய் சனசமூக நிலையங்கள் இருக்கு. பேப்பர் வாசிச்சு முடிய அனேகமானதைப் பூட்டிவிடுவார்கள். கிழமையில் இரண்டு பின்னேரம் திறந்துவிடுங்கோ. நாடகமும் அரங்கியலும், இசையும் படிக்கிற எங்களை அங்க களப்பயிற்சிக்கு அனுப்புங்கோ. பிரதேச சபைகள், விழாவுக்கு ஒதுக்கிற காசில ஒரு பங்கை அண்ணாவியாருக்குக் கொடுங்கோ. வாற எவரையும் 'முன்னாள் போதையடிமை' எண்டு நோட்டீசில் போடாதேங்கோ, படமும் எடுக்காதேங்கோ. பாட வந்தவர் பாடகர், ஆட வந்தவர் கூத்தர். அந்தப் பேர் போதும்.

அடுத்த ஜூன் 26க்கு இன்னொரு எலும்புக்கூடு தைக்க முதல், உங்கட ஊர் நிலையத்தின்ர திறப்பு யாரிட்ட இருக்கு எண்டு கேட்டுப் பாருங்கோ.