கோட்டுக்குத்தான் விலை கேட்டோம், அண்ணனின் சம்பளத்தை அல்ல

பேராவூரணி கடைத்தெருவில் ஒரு டிரைகிளீனிங் கடை. பெயர் வேண்டாம், சண்டை முடிந்துவிட்டது. நம் தோழர் ஒருவர் வேலை நேர்காணலுக்காக 4,800 ரூபாய்க்கு வாங்கிய கோட்டை அங்கே போட்டிருந்தார். அப்பா தேங்காய் உரிக்கிறவர். 2018 நவம்பரில் கஜா புயல் தோப்புகளைச் சாய்த்தபின் வேலையில்லாமல் கிடந்த குடும்பம். அந்த வீட்டில் வாங்கிய முதல் கோட்டு அது. திரும்பி வந்தபோது முதுகில் இஸ்திரிப்பெட்டி அளவுக்குக் கருகல், உள்துணி சுருங்கிப்போய்.

கடைக்காரர் ரசீதைத் திருப்பிக் காட்டினார். சேதம் ஏற்பட்டால் சலவைக் கூலியைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் பொறுப்பில்லை என்று அச்சடித்திருந்தது. கூலி 250, ஆக 1,250 ரூபாய். அதையும் அவர் எடுத்து வைக்கவில்லை. "அடுத்த தடவை சும்மா வெளுத்துத் தர்றேன், போ தம்பி" என்றார்.

வீட்டுப் பெரியவர்கள் சொன்னது: "விடுப்பா, கடைத்தெருவுல நமக்கெதுக்கு வம்பு." இந்த 'விடுப்பா' எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். 1930 டிசம்பரில் நமக்குத் தெற்கே இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன், கோட்டு கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஒரு கோட்டுக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கிறவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை படிக்கட்டும். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 'கடை' என்பதற்கு விளக்கம் தரும்போது சலவைக் கடையையும் முடிதிருத்தும் கடையையும் பெயர் சொல்லிச் சேர்த்ததும் சும்மா இல்லை. நம் துணியைத் தொடமாட்டேன் என்ற கடைகள் இருந்ததால்தான்.

ரசீதின் பின்பக்கத்துக்கு வருவோம். அது சட்டம் இல்லை. லில்லி ஒயிட் என்ற சலவை நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் (ஏ.ஐ.ஆர். 1966 சென்னை 13) சென்னை உயர்நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. துணி தொலைந்தால் அதன் விலையில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதில் அச்சடித்திருந்தார்கள். புதுச் சேலை தொலைந்தது. அப்படி ஒரு நிபந்தனை பொதுநலக் கொள்கைக்கு எதிரானது, செல்லாது என்றது நீதிமன்றம். செல்லும் என்றால், 15 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு எந்தப் புதுச் சேலையையும் கடைக்காரர் தனதாக்கிக்கொள்ளலாமே! ஒப்படைத்த பொருளைத் தன் பொருளைப் போல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவும் சொல்கிறது.

ஆகவே பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். 15 நாள் கெடு. தவறினால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த கூலி 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கெட்டுப்போன துணியை 'சரி பண்ணித் தர்றேன்' என்று கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அதுதான் சாட்சி.

நோட்டீஸ் போனதும் கடைக்காரர் கூப்பிட்டார். "தேய்ச்சது யாருன்னு தெரியும். அவன் சம்பளத்துல மாசம் ஐநூறு பிடிச்சு உங்களுக்குக் கொடுத்துடறேன்." நம் பையன்களில் சிலர் தலையாட்டினார்கள். யார் கையிலிருந்து வந்தால் என்ன, பணம் வருகிறதே என்று.

உண்மையான சண்டை அங்கேதான், நமக்குள்ளே நடந்தது. தேய்க்கும் அண்ணன் புதிரை வண்ணார். ஊர் வண்ணார் நம் துணியைத் தொடாத காலத்தில் நம் துணியை வெளுத்தவர்கள், நம் தீட்டுத்துணியையும் பிணத்துணியையும் எடுத்தவர்கள் அவர்கள். அதற்கு நாம் என்ன கொடுத்தோம்? வீட்டு வாசலில் மிச்சச் சோறு. நமக்கும் கீழே ஒருவரை வைத்து நாமும் சுகம் கண்டோம். இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வருகிறது, வரட்டும். துணியை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தவர் முதலாளி, லாபம் எடுப்பவரும் அவரே. இரண்டு ஆள் வேலையை ஒருவர் தலையில் கட்டியதும் அவர்தான். சேதம் என்றதும் மட்டும் அது தேய்ப்பவருடைய கையாகிவிடுமா? அந்தப் பணத்தை வாங்கியிருந்தால் கடைக்காரரோடு சேர்ந்து நாமும் அந்த அண்ணனைத் தண்டித்திருப்போம்.

இரண்டாவது கடிதம் எழுதினோம். பணம் கடைக் கணக்கிலிருந்து வர வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். 4,000 ரூபாய் வந்தது. கோட்டு சில மாதம் உடுத்தியதுதானே என்று 800 குறைத்துக்கொண்டோம். குறைத்திருக்கக்கூடாது என்று எங்களில் இரண்டு பேர் இன்னும் சொல்கிறார்கள்.

அதே ரசீதுப் புத்தகம்தான் கடையில் இன்றும் புழங்குகிறது. நியாயமற்ற ஒப்பந்தம் என்று அந்த வரியையே எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2019 சட்டத்தில் இடம் இருக்கிறது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கம் சலவைக்குத் துணி போடுகிற தோழர்கள் ரசீதின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். இதுவரை கையில் இருப்பது ஒன்றுதான்.