விறகடுப்புப் பழக்கம் கரியடுப்புக்குப் போதுமா?

மொட்டை மாடியிலோ தோப்பிலோ கம்பி வலை போட்டுக் கோழி சுடக் கிளம்புபவர்களிடம் ‘கவனம்’ என்று சொன்னால், ஆலங்குடிப் பக்கம் வரும் பதில் இதுதான்: விறகடுப்பிலேயே வளர்ந்த நமக்கு நெருப்பைப் பற்றிப் பாடமா?

ரோஷம் நியாயமானதுதான். ஆனால், விறகு புகைந்தும் எரிந்தும் எச்சரித்துவிடும். கரி எச்சரிக்காது. விறகடுப்பு அனுபவத்தை நம்பிச் சொல்லப்படும் வாதங்கள் சறுக்குவது இங்கேதான்.

முதல் வாதம்: புகையே வராத கரியால் என்ன கெடுதல்? கண்ணெரிச்சல் தாங்காமல் ஆளை வெளியே விரட்டுவது புகை. கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. 2024 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து கொடைக்கானலுக்குப் போன நண்பர்களில் இருவர் இப்படித்தான் இறந்தார்கள். இறைச்சி சுட்ட கரியடுப்பு அவர்கள் தூங்கிய அறைக்குள்ளேயே இருந்தது.

அது மலைக்குளிர், நம் ஊரில் யார் அடுப்பை உள்ளே கொண்டுபோகப் போகிறார்கள் என்று கேட்கலாம். ஐப்பசி மழை பாதிச் சமையலில் பிடித்துக்கொண்டால் கொண்டுபோவார்கள். மாடிப்படி அறை, கதவு சாத்திய கார் கொட்டகை எல்லாம் அப்போது ஆபத்துதான். ஒரு சன்னலைத் திறந்துவைப்பது போதாது. மழை வந்தால் ஆளும் கோழியும் உள்ளே வரலாம், அடுப்பு வரக்கூடாது.

இரண்டாவது வாதம்: சாம்பல் பூத்துவிட்டால் அணைந்த மாதிரிதான். நீறு பூத்த கரி மறுநாள்வரைகூடக் கனன்றுகொண்டிருக்கும். அதைக் குப்பைமேட்டில் கொட்டினால், கீற்றுக் கொட்டகையும் வைக்கோல் போரும் உள்ள இடத்தில் காற்று ஒருமுறை வீசினால் போதும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையலறைத் தீ கீற்றுக் கூரையில் பற்றியதில் 94 குழந்தைகள் பலியானார்கள். கரியில் தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தெளித்துக் கிளறி, முழுக்கக் குளிர்ந்த பிறகே கொட்ட வேண்டும். அதுவரை மூடியுள்ள இரும்பு வாளிதான் அதற்கு இடம்.

கரி பற்றாவிட்டால் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினால் ஆயிற்று என்பது மூன்றாவது. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கங்கிலும் பற்றும். தீ ஊற்றுகிற கையிலுள்ள கேனுக்கே திரும்பி ஓடும். தேங்காய் நாருக்கும் கொட்டாங்கச்சிக்கும் பஞ்சமில்லாத ஊரில் இந்த விபரீதம் எதற்கு?

மேலே கருகினால் உள்ளே வெந்திருக்கும் என்பது கடைசி வாதம். கரியின் சூடு தோலை நிமிடங்களில் கருக்கிவிடும். எலும்பையொட்டிய சதை பச்சையாகவே இருக்கும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சாக, கோழியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். மசாலா தடவிய பச்சைக் கறி இருந்த தட்டிலேயே சுட்ட கறியை வைத்தால் அந்தச் சூடும் வீண்.

விறகடுப்புக்காரர்களிடம் கற்க வேண்டியதும் உண்டு. முந்தானையை இழுத்துச் செருகுவது, பிள்ளைகளை எட்ட நிறுத்துவது, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைப்பது எல்லாம் கரியடுப்புக்கும் பொருந்தும். அதையும் மீறிச் சுட்டுவிட்டால் பற்பசையோ மையோ தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். அடுப்பருகே இருந்தவருக்குத் தலை சுற்றினால் உடனே திறந்த வெளிக்குக் கூட்டிவந்து 108-ஐ அழையுங்கள்.