பிரேக் பேடு மாற்றத் தெரியுமா உங்களுக்கு?

எங்கள் வீட்டில் ஒரு பழைய பைக் இருக்கிறது. அப்பா ஓட்டி, அண்ணன் ஓட்டி, இப்போது நான் கல்லூரிக்கு ஓட்டுகிறேன். சென்ற மாதம் முன் டிஸ்க் பிரேக்கைப் பிடித்தால் கரகரவென்று சத்தம். பட்டறையில் பத்தே நிமிடத்தில் பேடு மாற்றிக் கொடுத்தார்கள். தெருமுனையில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். லிவர் கைப்பிடி வரை போனதே தவிர வண்டி நிற்கவில்லை! பின் பிரேக்தான் அன்று என்னைக் காப்பாற்றியது.

காரணம் மிகச் சாதாரணமானது. புதுப் பேடு தடிமனாக இருக்கும். அதற்கு இடம் விட, காலிப்பரில் உள்ள பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். மாட்டி முடித்ததும் லிவரைப் பலமுறை அமுக்கி, பிஸ்டனை மீண்டும் பேடு வரை கொண்டுவர வேண்டும். அதைத்தான் அவசரத்தில் மறந்திருக்கிறார்கள்.

அதனால் சொல்கிறேன், வண்டி ஓட்டுபவர்கள் எல்லோரும் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். "பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது, தெரியாதவன் தொடக் கூடாது" என்பார்கள். உண்மைதான். அதனால்தான் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். நம் பழைய வண்டிகளில் அதுவும் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, விவரம் தெரிந்த அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கழற்றிப் பார்த்தேன். காலிப்பர் போல்ட்டுகளைக் கழற்றினால் அது டிஸ்கை விட்டு வந்துவிடுகிறது. பின்னை உருவினால் பேடுகள் கையில். காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. பிஸ்டனைத் துடைத்துவிட்டு மெதுவாகத் தள்ள வேண்டும். அப்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், வழிந்தால் பெயிண்ட் போய்விடும். தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய பேடுகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பேடிலும் டிஸ்கிலும் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது. இரண்டு பேடுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். போல்ட்டுகளை சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு முறுக்க வேண்டும்.

மெக்கானிக் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. தாராளமாக அவரிடமே கொடுங்கள். ஆனால் வண்டியை வாங்கியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன் லிவரை அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக நிற்கும்வரை ஓட்டாதீர்கள். முதல் சில நாட்கள் மெதுவாகவே போங்கள். புதுப் பேடு டிஸ்கோடு படிந்து வரக் கொஞ்ச காலம் ஆகும்.

அப்பா இப்போது வண்டியை எடுக்கும்போதெல்லாம் முதலில் லிவரை அமுக்கிப் பார்க்கிறார். நீங்களும் பாருங்களேன்!